ஜிம்மிக்கு முடிவெட்டிய கதை

என்னோடு ஒரே வகுப்பில் இருந்து படித்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் ஏழெட்டுப் பேர்தான். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கலியாண வீடாக இருக்கட்டும், செத்த வீடாக இருக்கட்டும், நாலு பேர் கூடினால் யாராவது ஒருத்தி என் கையைப் பிடித்து, "அந்த நாய்க்குத் தலைமயிர் வெட்டின கதையைச் சொல்லடி" என்பாள். நானும் சொல்லுவேன். எந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யால் ஒரு குடும்பம் எங்கள் ஊரை விட்டுப் போனது. இதை நான் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, என்னைக் கட்டினவருக்குக்கூட. இனியும் வைத்துக்கொண்டிருந்தால் என்னோடு சேர்த்து எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் எழுதுகிறேன். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று முதலே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

என் தகப்பனை ஐயா என்பேன், அவருடைய தம்பியைக் குஞ்சையா என்று கூப்பிடுவேன். மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடு ஊருக்கு வந்தவர். வந்தபோது ஒரு கிராமபோன் பெட்டி, இரண்டு சாய்மனைக் கதிரை, அவருடைய மனைவி குஞ்சம்மாவின் பீங்கான் சாமான்கள், இவற்றோடு ஒரு நாயும் வந்தது. எங்கள் ஊர் நாய்களுக்கு உடம்போடு ஒட்டின குட்டை மயிர். இதற்கு வெள்ளை மயிர் நிலத்தில் இழுபட்டது. எது முகம், எது வால் என்று நின்று பார்த்துத்தான் சொல்லவேண்டும். பெயர் ஜிம்மி. குஞ்சையா அதை மடியில் தூக்கி வைத்துச் சீப்புப் போடுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் எங்கள் ஒழுங்கையால் சுற்றிப் போனார்கள்.

எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு அல்ல. ஐயா புகையிலைத் தோட்டக்காரர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். மச்சம் மாமிசம் எங்கள் படலை தாண்டி உள்ளே வந்ததில்லை. நாய் முட்டினால் தலை முழுகவேண்டும். ஆகவே பங்குனி மாதம் குஞ்சையாவும் குஞ்சம்மாவும் சிதம்பரத்துக்குப் போகப் புறப்பட்டு, நாயை எங்களோடு விட்டுவிட்டுப் போகிறோம் என்று சொன்னபோது ஐயாவின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

"உந்த அரியண்டத்தை இஞ்சை ஆர் பார்க்கிறது?" என்றார் ஐயா.

"பிள்ளை பார்ப்பாள்" என்று குஞ்சையா என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை? கிழமைக்கு ஒருக்கால் சவர்க்காரம் போட்டு வார்க்கவேணும். ஒவ்வொரு நாளும் சீப்புப் போடவேணும். மயிரைச் சடைபிடிக்க விட்டிடாதை. செய்வியோ?"

"ஓம்" என்றேன். எனக்கு அப்போது பதினொரு வயது. அதுவரை ஒரு பொறுப்பை யாரும் என்னிடம் தந்ததில்லை. சிவப்புச் சவர்க்காரக் கட்டி ஒன்றும், இரும்புச் சீப்பு ஒன்றும் என் கையில் வந்தன. இரண்டு மாதத்துக்கு நான்தான் ஜிம்மிக்குப் பொறுப்பு என்று பள்ளிக்கூடத்தில் உங்களுக்கெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமையே பிழை தொடங்கிவிட்டது. சவர்க்காரத்தோடு கிணற்றடிக்குப் போன என்னை அம்மா மறித்தார். அது மாட்டுக் கொழுப்பில் செய்கிற சாமானாம். சமையலுக்கும் பூசைக்கும் தண்ணீர் அள்ளுகிற கிணற்றடியில் அதைக் கரைக்கக்கூடாதாம்.

"எங்கடை தலைக்கு என்னத்தை வைக்கிறமோ அதை வை. உதுவும் மயிர்தானே" என்றார் அம்மா.

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு நல்லெண்ணெய் தப்பி, அவித்த அரப்புத் தேய்த்து, தேசிக்காய் பிழிந்து முழுக வார்ப்பார்கள். என் தலைமயிர் முழங்கால் வரைக்கும் இருந்தது அந்த அரப்பால்தான் என்று அம்மா எல்லோருக்கும் சொல்லுவார். ஆகவே ஜிம்மிக்கும் அதையே செய்தேன். கிணற்றுக்குத் தள்ளி, தண்ணீர் வழிந்தோடுகிற வாழையடியில் அதை நிறுத்தி, உச்சி முதல் வால் வரைக்கும் எண்ணெய் தப்பினேன். ஜிம்மி கண்ணை மூடிக்கொண்டு உடம்பைக் கொடுத்தது. அரப்பைத் தேய்த்தேன். வாளி வாளியாக ஊற்றினேன். ஊற்றி முடிந்ததும் அது உதறிக்கொண்டு நேரே தோட்டத்துக்கு ஓடி, கொத்திப் போட்டிருந்த செம்மண்ணில் புரண்டது.

நாய் மயிர் பொம்பிளைப் பிள்ளையின் தலைமயிர் அல்ல என்பது எனக்கோ அம்மாவுக்கோ தெரியவில்லை. எண்ணெய் போகவில்லை, அரப்புச் சக்கை போகவில்லை, அதன் மேல் மண் ஏறியது. அடுத்த வெள்ளியும் எண்ணெய், அதற்கடுத்த வெள்ளியும் எண்ணெய். மூன்றாம் கிழமை சீப்புப் போட்டபோது சீப்பில் இரண்டு பல் முறிந்தது. குஞ்சையாவுக்கு என்ன பதில் சொல்வதென்று பயந்து சீப்பை நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். அதன் பிறகு சீப்புப் போடவேயில்லை. ஒவ்வொரு நாளும் போடுகிறேன் என்று அம்மாவுக்குச் சொன்னேன். வெள்ளை நாய் காவி நிறமாகி, வயிற்றுப் பக்கம் கட்டி கட்டியாகத் தொங்கியது.

பிறகு உண்ணி வந்தது. காதுக்குள், கால் இடுக்கில், சடைக்கு அடியில், எங்கே விரலை வைத்தாலும் உண்ணி. இதற்கு ஐயா வைத்தியம் சொன்னார். தோட்டத்துப் பூச்சிக்குப் புகையிலைக் காம்பு ஊறின தண்ணீர் தெளிப்பார்கள். அதையே நாய்க்கு ஊற்றச் சொன்னார். நான்தான் ஊற்றினேன். உண்ணி செத்ததோ இல்லையோ, ஜிம்மி அதை நக்கிவிட்டு வாயால் நுரை தள்ளி, கால் பின்னி, மாட்டுக்கொட்டிலில் விழுந்து கிடந்தது. ஐயா பதறிப்போனார். நாயைத் தொட்டால் முழுகவேண்டிய மனுசன், பக்கத்தில் குந்தியிருந்து சிரட்டையில் மோர் பருக்கினார். "தம்பிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஐயாவுக்கு இரக்கமே இல்லை என்று நான் எழுதினதாக ஒருத்தரும் நினைக்கவேண்டாம்.

நாய் பிழைத்தது. ஆனால் சடைக்கு அடியில் தோல் வெந்து, நாற்றம் வரத் தொடங்கியது. இரவும் பகலும் தன்னைத் தானே கடித்தது. அந்த நேரம் பார்த்துக் குஞ்சையாவின் கடிதம் வந்தது. இன்னும் இரண்டு மூன்று கிழமையில் வந்துவிடுவார்களாம். ஜிம்மிக்கு என் அன்பைச் சொல்லவும் என்று கடைசியில் எழுதியிருந்தார். அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு கிழமைக்கு ஒருதடவை ஐயாவுக்கு முடிவெட்ட ஒருவர் வருவார். அவருடைய தகப்பன் ஐயாவின் தகப்பனுக்கு வெட்டினவர். ஊரில் இருபது இருபத்தைந்து வீடு அவருடைய பொறுப்பு. அறுவடைக்கு நெல்லும் குரக்கனும் கொடுப்பார்கள், கலியாணத்துக்கும் சாவுக்கும் அவர் இல்லாமல் முடியாது. ஊருக்கு அதிகாரியான விதானையாரின் காணியில் ஒரு துண்டில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். பின் படலையால் வந்து மாமரத்தின் கீழ் நிற்பார். தண்ணீர் கேட்டால் சிரட்டையில் வார்ப்போம். அவருக்கு ஐயாவிலும் வயது கூட இருக்கும். ஐயாவை நயினார் என்றும் அம்மாவை நாச்சியார் என்றும்தான் கூப்பிடுவார். நான் அவரை "நீ" என்று கதைத்தேன், "அவன்" என்று சொன்னேன். கூப்பிட்டது சாதிப் பெயரால். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும்தானே, அது எனக்குத் தெரியாது. நாயின் பெயர் தெரியும். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். எழுதுவது லேசு.

அன்றைக்கு ஐயாவுக்கு வெட்டி முடிந்து, ஐயா முழுகிவிட்டுத் தோட்டத்துக்குப் போன பிறகு, அம்மா அவரைப் போகவிடாமல் நிறுத்தினார்.

"இந்த நாய்க்கு ஒருக்கால் மயிரைக் கழிச்சுவிடு" என்றார் அம்மா. ஏதோ முருங்கைக்காய் பிடுங்கித் தரச் சொன்னது போலச் சொன்னார்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாச்சியார், உது நான் செய்யிற வேலையில்லை."

"வேறை ஆரைக் கேக்கிறது? கத்தரி பிடிக்கத் தெரிஞ்சவன் நீதானே."

"நாலு பேர் தலையிலை வைக்கிற ஆயுதம், நாச்சியார். தெரிஞ்சால் என்னைப் படலைக்குள்ளை விடமாட்டினம்."

அம்மாவுக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சலித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஜிம்மி கொட்டிலுக்குள் இருந்து வந்து, நடந்தபடியே தன் தொடையைக் கடித்து, கடித்த இடத்தில் அப்படியே இருந்து அனுங்கியது. அவர் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் சடையை விலக்கினார்.

"புண் வைச்சிட்டுது. உள்ளுக்குப் புழுப் பிடிக்கப்போகுது" என்றார். விரலைத் துடைத்துவிட்டு, "வீட்டுக் கத்தரி ஒண்டு தாங்கோ. என்ரை பெட்டியிலை இருக்கிற ஒண்டும் உதிலை படாது. வெளியிலை ஒருத்தருக்கும் தெரியவும் வேண்டாம்" என்றார்.

"ஆருக்குச் சொல்லப்போறம்" என்றார் அம்மா.

தையல் பெட்டிக்குள் இருந்து அம்மாவின் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தது நான். இந்தக் கையால்தான் வைத்தேன். அவர் தன் மரப்பெட்டியை மூடி, மாமரத்தின் கிளைக் கவரில் உயரத்தில் வைத்தார், பறக்கிற மயிர்கூட அதில் படக்கூடாது என்று. இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அவர் செய்த வேலையை நான் உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சிரிப்பு வராத பகுதி என்று விட்டுவிடுவேன். முதலில் வெந்நீர் கேட்டார். வேப்பிலை போட்டு அவித்த தண்ணீரைச் சடைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஊறவிட்டார். கத்தரியின் மழுங்கின பக்கம் தோலில் இருக்கும்படி சாய்த்துப் பிடித்து, தோலுக்கும் கத்தரிக்கும் நடுவில் தன் இடது கை விரலை வைத்துக்கொண்டு வெட்டினார். தவறினால் அவருடைய விரலில்தான் வெட்டும். சடை ஒரு பழைய பாய்த்துண்டு மாதிரிக் கழன்று விழுந்தது. அதற்கு அடியில் இளஞ்சிவப்பாக, சொறியும் கடியுமாக, ஒரு சின்ன உடம்பு. நாங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை. உண்ணியை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து மண்ணெண்ணெய்ச் சிரட்டைக்குள் போட்டார். என்னைக் கடித்த நாய், அம்மாவைக் கண்டால் உறுமுகிற நாய், அவர் காதுக்குள் விரல் விட்டபோதும் பேசாமல் இருந்தது.

நடுவில் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். காதோரம் வெட்டும்போது ஜிம்மி தலையை ஆட்டியது. அவர் நினைவில்லாமல், ஐயாவுக்குச் சொல்லுகிற அதே குரலில், "நயினார், கொஞ்சம் ஆடாமல் இருங்கோ" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஒரு பெரிய மனுசன் என்னோடு சேர்ந்து ஒரு ரகசியத்துக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் புண்ணுக்குப் பூசி, "நாலு நாளைக்கு நனைக்காதையுங்கோ, பிள்ளை. நல்லெண்ணெய் வைக்கவே வைக்காதையுங்கோ" என்றார். கத்தரியைச் சாம்பல் போட்டுக் கழுவி, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, பின் படலையால் போனார்.

இனி பள்ளிக்கூடம். உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். நான் வகுப்பில் ஒரு மூலைப் பிள்ளை. கணக்கும் வராது, பாட்டும் வராது. நாய் நாற்றம் என்று என் பக்கத்தில் இருக்க மறுத்தவர்களும் உண்டு, யார் என்று இப்போது கேட்கவேண்டாம். அடுத்த நாள் இடைவேளையில் யாரோ நாயைப் பற்றி ஏதோ நக்கலாகக் கேட்டார்கள். நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். நாய் மாமரத்தின் கீழ் ஐயாவின் இடத்தில் இருந்த மாதிரி, அவர் துண்டை உதறின மாதிரி, எழும்பி நின்று நடித்துக் காட்டினேன். "நயினார், கொஞ்சம் ஆடாமல் இருங்கோ" என்று அவருடைய குரலில் சொன்னபோது நீங்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தீர்கள். என்னைச் சுற்றி இவ்வளவு பேர் அதற்கு முன் நின்றதேயில்லை.

விதானையாரின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளைக் குறை சொல்லவில்லை. "எந்தக் கத்தரியாலை வெட்டினவன்?" என்று கேட்டாள். சிரிப்பு அடங்கத் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் அத்தோடு எல்லோரும் கலைந்து போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

"உன்ரை ஐயாவுக்கு வெட்டுற கத்தரியாலைதான்" என்றேன்.

முதலிலும் பார்க்க இரண்டு மடங்கு சிரிப்பு. ஒருத்திக்குக் குடித்த தண்ணீர் மூக்கால் வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு இனித்தது, அதை மறைக்கப்போவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விதானையார் அவரைப் படலையில் வைத்தே திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. கோயிலுக்குப் போன அம்மா முகம் கறுத்து வந்தார். விதானையாரின் மனைவி பத்துப் பேருக்கு முன்னால், "நாயிலை வைச்ச கத்தரியைக் கீரிமலைத் தீர்த்தத்திலை முழுக்காட்டினாலும் எங்கடை வீட்டிலை எடுக்கமாட்டம்" என்று சொன்னாராம். நாயைப் பார்த்து நயினார் என்று சொன்னானாமே, அவ்வளவு கொழுப்போ என்று ஆம்பிளைகள் கேட்டார்களாம்.

இரண்டாம் நாள் பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டி இல்லாமல் வந்தார். ஐயா கதிரையில் இருந்தார். அவர் மாமரத்துக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

"நயினார், என்ரை ஆயுதம் ஒண்டும் நாயிலை படேல்லை. நாச்சியார் தந்த கத்தரியாலைதான் வெட்டினனான். நாச்சியாருக்குத் தெரியும். பிள்ளைக்கும் தெரியும். நயினார் விதானையாரிட்டை ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

"பாப்பம்" என்றார் ஐயா.

"மற்றக் கதை மெய்தான். வாய் தவறிச் சொன்னது. அதுக்கு என்ன தண்டனை எண்டாலும் தாங்கோ. தொழிலை விட்டால் எனக்கு இருக்க இடமில்லை, நயினார். காணி அவையின்ரை."

"சரி, சரி. நான் பாப்பன். நீ போ."

அவர் போன பிறகு ஐயா என்னைக் கூப்பிட்டார். "நீ பள்ளிக்கூடத்திலை ஏதும் கதைச்சனியே?"

"இல்லை" என்றேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நின்றது. பிறகு திரும்பவும் துருவினார். அம்மாவுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கிவிட்டது. அதைப் பற்றி அம்மா சாகும்வரைக்கும் என்னிடம் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு அடி போட்டிருந்தால் உண்மை வெளியில் வந்திருக்கும்.

அன்றைக்கே அடுப்படியில் அம்மா ஐயாவிடம் கேட்டது காதில் விழுந்தது. "போய் ஒருக்கால் சொல்லுங்கோவன். என்ரை கத்தரி எண்டு சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது? எங்கடை வீட்டிலை இருந்து நாய்க்குச் சவரம் செய்விச்சனாங்கள், மனுசி தன்ரை கத்தரியைக் குடுத்தவள் எண்டோ? திருவிழா வருகுது. எங்கடை உபயத்திலை நிண்டு சிரிப்பாங்கள். இஞ்சாரும், நாலு நாள் போனால் எல்லாம் அடங்கியிடும்."

அடங்கவில்லை. ஐயாவுக்குத் தலைமயிர் வளர்ந்தது. ஒருநாள் சைக்கிளில் மருதனார்மடத்துக்குப் போய், சந்தியில் புதிதாகத் திறந்திருந்த சலூனில் வெட்டிக்கொண்டு, வாசனை எண்ணெய் மணக்க வந்தார். அம்மா அவருடைய தலையைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டார். வெட்டினவரைத் தவிர, எந்தக் கத்தரி என்று தெரிந்த ஒரே ஆம்பிளை ஐயாதான். அவரே அப்படிப் போன பிறகு மற்ற வீட்டுக்காரர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்? தொழில் செய்யாதவனுக்குக் காணி எதற்கு என்று விதானையார் ஆள் அனுப்பிவிட்டார்.

குஞ்சையாவும் குஞ்சம்மாவும் வந்தார்கள். நான் அறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஜிம்மிக்குப் புண் ஆறி, விரல் அகலத்துக்குப் புது மயிர் வெள்ளையாக வந்திருந்தது. குஞ்சையா அதைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்ல வேலை செய்திருக்கிறியள். மலாயாவிலை வெய்யில் காலத்துக்கு நான் ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான் ஒட்ட வெட்டிவிடுவன். போற அவதியிலை சொல்ல மறந்துபோனன். ஆர் வெட்டினது? ஒரு கீறல்கூட இல்லை."

ஐயா அம்மாவைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் அம்மா.

"கெட்டிக்காரி, மச்சாள்." குஞ்சையா தன் பிடரியைத் தடவினார். "எனக்கும் வெட்டவேணும். காடாய் வளந்திட்டுது. உங்கடை ஆளைக் கூப்பிட்டுவிடுங்கோ, அண்ணை."

"அவன் இப்ப வாறேல்லை" என்றார் ஐயா.

"ஏன்?"

"ஊரிலை ஒரு சின்னக் கதை. விடு."

குஞ்சையாவை ஊர் மதித்தது. கோயில் மணிக்கூண்டுக்குக் காசு கொடுத்தவர். விதானையாரே எழும்பி நின்று கதிரை காட்டுவார். தன் நாய்க்குத் தன் கையால் சீப்புப் போடுகிற மனுசன், விசயம் தெரிந்திருந்தால் விழுந்து சிரித்திருப்பார். சிரித்துவிட்டு, முடிவெட்டுகிறவரைக் கூப்பிட்டு நடுச் சந்தியில் கதிரை போட்டு இருந்து தலையைக் கொடுத்திருப்பார். அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். பதினொரு வயதில் எனக்கு இது தெரிந்தது. பிறகு வளர்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததல்ல, அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கும்போதே தெரிந்தது. முடிவெட்டுகிறவர் அப்போது இன்னும் ஊரில்தான் இருந்தார். ஒரு காலை வெளியில் எடுத்து வைத்தேன். "இல்லை" என்று ஐயாவுக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. ஐயா எல்லோருக்கும் முன்னால் அடிப்பார் என்று நினைத்தேன். காலை உள்ளே எடுத்துக்கொண்டேன். குஞ்சையா சிதம்பரத்துத் திருநீற்றை எடுத்து எல்லோருக்கும் பூசத் தொடங்கிவிட்டார்.

குஞ்சையா வந்த நாலாம் நாள் காலை, முடிவெட்டுகிறவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார். நான் புத்தகங்களோடு படலையில் நின்றேன். ஒரு மாட்டு வண்டியில் பானை சட்டி, சுருட்டின பாய்கள், அவருடைய மனைவி, மடியில் ஒரு கோழி. அவர் வண்டிக்குப் பின்னால் மரப்பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். எதிரே தன் படலையில் விதானையார் கைகட்டி நின்றார். தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். குஞ்சையாவின் வளவு பக்கத்து வளவுதான். வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்த ஜிம்மி, அவரைக் கண்டதும் ஓடிப்போய், முன்னங்கால் இரண்டையும் அவருடைய முழங்காலில் வைத்து வாலை ஆட்டியது.

அவர் அப்படியே நின்றார். பெட்டியை இன்னும் மேலே உயர்த்திப் பிடித்தார். குனியவில்லை, தொடவில்லை. நிற்கிறவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நாயைப் பிடியுங்கோ" என்றார். "என்னிலை முட்டினதெண்டு பேந்து உங்களை முழுகச் சொல்லுவினம்."

அந்த நேரத்திலும் எனக்கு வருகிற தொந்தரவைத்தான் யோசித்தார். என்னைத் திட்டியிருக்கலாம். எல்லோர் முன்னாலும், இந்தப் பிள்ளைக்குத்தான் உண்மை தெரியும் என்று கையைக் காட்டியிருக்கலாம். விதானையார் பத்து அடி தூரத்தில் நின்றார். "கத்தரி எங்கடை" என்று இரண்டு சொல்லுச் சொன்னால் போதும். நான் ஜிம்மியைப் பிடித்து இழுத்தேன். வண்டி தெரு முடக்கால் திரும்பும் வரைக்கும் அது என் கைக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. அம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்தி மூன்று வாளி தண்ணீர் வார்த்தார். ஈரத் தலையோடு பள்ளிக்கூடம் போனேன். இடைவேளைக்கு நீங்கள் என்னைச் சுற்றி வந்து, நாய்க் கதையை இன்னொருதடவை சொல்லச் சொன்னீர்கள். எழும்பி நின்று, நடித்து, முழுவதையும் சொன்னேன்.